கிலுகிலுப்பையும் சணப்பும்: ஒரே பேரினம் என்றால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகுமா?

விதைக்கூடை:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசுந்தாள் உரத்துக்காக ஒருவரிடம் சணப்பு விதை வாங்கி விதைத்தேன். முதல் சில வாரம் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. இப்போது பூக்கும் நேரத்தில் பார்த்தால், பாத்தியில் இரண்டு வகைச் செடி நிற்கிறது. ஒன்று நெட்டுக்குத்தாக வளர்ந்து, குறுகிய நீள இலையோடு இருக்கிறது. இன்னொன்று அதைவிடக் குட்டை. நிறையக் கிளைத்திருக்கிறது, இலை அகலம், தண்டில் ஊதாச் சாயல். பூ இரண்டிலும் மஞ்சள்.

விதை கொடுத்தவரிடம் கேட்டேன். "இரண்டும் குரோட்டலேரியாதான், மடக்கி உழுதுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருப்பவரோ "அது கிலுகிலுப்பை, விஷம், உடனே பிடுங்கிப் போடு" என்கிறார். இருவருமே உறுதியாகச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

மண்வாசம்:

சணப்பும் கிலுகிலுப்பையும் ஒரே குடும்பம்தான். நான் பல வருடமாகச் சணப்பு போட்டு மடக்கி உழுகிறேன், ஒரு கெடுதலும் இல்லை. பயப்படாதீர்கள்.

கொடியிலை:

மண்வாசம் ஐயா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் போட்டது சணப்பு. அவர் பாத்தியில் நிற்கும் இரண்டாவது செடி என்னவென்று நமக்கு இன்னும் தெரியாது. குரோட்டலேரியா சின்னப் பேரினம் இல்லை. சுமார் 700 சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி, 500-க்கும் மேல், ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் உள்ளவை. சில சிற்றினங்கள் ஓராண்டில் முடிந்துபோகும் சிறு பூண்டு, சில ஆள் உயரத்துக்கு மேல் போகும் புதர். இலை சிலவற்றில் தனியிலை, சிலவற்றில் மூன்று சிற்றிலை. இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒன்றுக்குப் பொருந்துவது அடுத்ததற்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது? பேரினப் பெயரை வைத்து "நல்லது" என்றும் சொல்ல முடியாது, "விஷம்" என்றும் சொல்ல முடியாது. சிற்றினம் எது என்று பார்த்தபிறகுதான் பேச வேண்டும்.

விதைக்கூடை, இரண்டாவது செடியில் சில இடங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பூங்கொத்தில் ஒவ்வொரு பூக்காம்பின் அடியிலும் ஒரு பூவடிச்செதில் இருக்கும். அது இலை மாதிரி அகலமாக, கண்ணுக்கு எடுப்பாக இருக்கிறதா, அல்லது நூல் மாதிரி மெலிந்து இருக்கிறதா?

இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இலையடிச்செதில் இருக்கிறதா? எப்படி இருக்கிறது?

பிஞ்சுக் காயைத் தடவிப் பாருங்கள். வெல்வெட் மாதிரி மயிர் இருக்கிறதா, வழவழப்பா?

இலை நுனி உள்வாங்கிக் குழிந்திருக்கிறதா?

விதைக்கூடை:

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த இடங்களை எல்லாம் இதற்குமுன் நான் கவனித்ததே இல்லை.

குட்டைச் செடியில் பூக்காம்பின் அடியில் இதய வடிவில் ஒரு சின்ன இலை மாதிரி இருக்கிறது. மொட்டு வரிசையாக இருக்கும் நுனிப்பகுதியில் இந்தச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக நிற்கின்றன. பூ உதிர்ந்த இடத்திலும் செதில் விழாமல் மடங்கித் தொங்குகிறது. இலையடியிலும் இதேபோல் சின்னதாக இரண்டு. பிஞ்சுக் காய் வழவழப்பு. இலை நுனி மழுங்கல், ஆனால் குழிவு இல்லை.

நெட்டைச் செடியின் காய் பூனைக்காது மாதிரி மெத்தென்று இருக்கிறது. அதில் செதில் எல்லாம் ஊசி மாதிரி.

கொடியிலை:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். நெட்டைச் செடி சணப்புதான், குரோட்டலேரியா ஜுன்சியா. குட்டைச் செடி நீங்கள் சொல்லும் அடையாளப்படி குரோட்டலேரியா ஸ்பெக்டாபிலிஸ். அந்த அகன்ற, உதிராத பூவடிச்செதில்தான் முக்கியச் சான்று. இதோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது குரோட்டலேரியா ரெட்டூசா. அதிலும் மஞ்சள் பூ, வழவழப்பான காய், தனியிலை. ஆனால் அதன் பூவடிச்செதில் மெல்லிய சிறு இழைபோல இருக்கும், இலை நுனி குழிந்திருக்கும். "ரெட்டூசா" என்ற லத்தீன் சொல்லே அந்தக் குழிந்த நுனியைத்தான் குறிக்கிறது.

இலை ஒன்றை மட்டும் படமெடுத்துப் போட்டு "இது என்ன?" என்று கேட்பவர்கள் இங்கே நிறையப் பேர். இந்தப் பேரினத்தில் இலையை மட்டும் வைத்து முடிவெடுக்கவே கூடாது. பூங்கொத்து, செதில், காய் இந்த மூன்றும் வேண்டும்.

நான் விதைப்பையைக் குறை சொல்ல வரவில்லை. விதைகளே இரண்டும் வேறாகத்தான் இருக்கும். சணப்பு விதை சற்றுப் பெரிது, தட்டை, கருஞ்சாம்பல் நிறம். ஸ்பெக்டாபிலிஸ் விதை சிறிது, பளபளப்பு. மிச்சம் இருந்தால் வெள்ளைத்தாளில் கொட்டிப் பாருங்கள், பிரித்துவிடலாம்.

பால்மணம்:

கால்நடை மருத்துவம் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்பெக்டாபிலிஸ் என்று உறுதியானால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் செடியில் மோனோகுரோட்டலின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. இதே செடியிலிருந்துதான் 1930-களில் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. வாயில் போட்ட உடனே கொல்லும் நஞ்சு இல்லை. கல்லீரலுக்குப் போனபிறகு அங்குள்ள நொதிகளே அதைக் கொடிய வடிவத்துக்கு மாற்றுகின்றன. கல்லீரல் செல்கள் முதலில் அடிபடும், அதன் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அடைபடும், அதைத் தாண்டி வருவது நுரையீரலைத் தாக்கும். எலிக்கு ஒரே ஒரு ஊசி மோனோகுரோட்டலின் போட்டால் மூன்று நான்கு வாரத்தில் நுரையீரல் இரத்த அழுத்தம் ஏறிவிடும். அந்த நோய்க்கான மருந்துகளைச் சோதிக்க உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்றும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த அளவுக்கு அதன் விளைவு நிச்சயமானது.

எனக்குக் கவலை தருவது அந்தக் காலதாமதம்தான். விலங்கு இன்று தின்றால் நாளை ஒன்றும் தெரியாது. வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து மெலியும், தீனி எடுக்காது, மஞ்சள் காமாலை வரும், தள்ளாடும். அதற்குள் அந்தச் செடி காய்ந்தே போயிருக்கும். காரணத்தை யாரும் அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நான் பார்த்த ஒரு கன்று அப்படித்தான் போனது. தீவனத்தில் என்ன கலந்தது என்று வீட்டுக்காரர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வைக்கோலைக் கிளறிப் பார்த்தபோது காய்ந்த காய்கள் உள்ளே கிலுகிலுத்தன. அந்தச் சத்தம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

காய்ந்தால் நஞ்சு போய்விடும் என்று நினைக்காதீர்கள். போகாது. விதையில்தான் அதிகம். பன்றி, கோழி, குதிரை, மாடு எல்லாம் எளிதில் பாதிக்கப்படும். ஆடுகள் ஓரளவு தாங்கும், ஆனால் தாங்கும் என்பதற்காகக் கொடுக்கக்கூடாது. வடமேற்கு ஆஸ்திரேலியாவில் குதிரைகள் இலக்கில்லாமல் நடந்துகொண்டே இருந்து சாகும் ஒரு நோய் இருந்தது. கிம்பர்லி குதிரை நோய் என்பார்கள். அதற்குக் காரணம் இந்தப் பேரினத்தின் சில செடிகள், ரெட்டூசா உட்பட.

மண்வாசம்:

அம்மா, சணப்பிலும் இது இருக்கிறதா? எங்கள் மாடுகள் வரப்போரத்தில் ஒன்றிரண்டு கடித்திருக்கின்றன.

பால்மணம்:

இருக்கிறது ஐயா, ஆனால் ஸ்பெக்டாபிலிஸோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பசும் இலையை வரப்பில் ஒரு வாய் கடித்ததற்குப் பதற வேண்டாம். விதை மட்டும் தீவனத்தில் சேரக்கூடாது. சணப்பையே முழுத் தீவனமாக நாள்தோறும் கொடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விதைக்கூடை:

மனிதருக்கு ஆபத்து உண்டா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் காய்ந்த காயை ஆட்டி விளையாடுகிறார்கள்.

பால்மணம்:

ஆட்டி விளையாடுவதில் ஆபத்து இல்லை. விதையை வாயில் போடக்கூடாது, அவ்வளவுதான். சின்னக் குழந்தை என்றால் காயைக் கையில் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

மனிதர் பாதிக்கப்பட்டதற்கும் பதிவுகள் உண்டு. ஜமைக்காவில் 1950-களில் குழந்தைகளுக்குக் கல்லீரல் நோய் வந்து வயிறு வீங்கியது. மருத்துவர்கள் தேடிப் பார்த்தபோது, கைவைத்தியமாகக் கொடுத்த மூலிகைத் தேநீரில் குரோட்டலேரியா இருந்தது தெரிந்தது. 1970-களில் மத்திய இந்தியாவின் சர்குஜாவில் சிறுதானியத்தோடு கிலுகிலுப்பை விதை கலந்துபோய் ஊர் ஊராக மக்கள் நோயில் விழுந்தார்கள். விதைக்கூடை, உங்களுக்கு நடந்ததும் விதைக் கலப்புதான். உங்களுடையது நிலத்தோடு நின்றுவிட்டது, அதில் எனக்கு நிம்மதி. ஆனாலும் கலப்பு எப்படி நடக்கிறது என்பதை இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்து காட்டுகின்றன.

நாட்டுவைத்தியப் பக்கங்களில் "கிலுகிலுப்பை இலைச்சாறு" என்று எந்தச் சிற்றினம் என்றே சொல்லாமல் எழுதுகிறார்கள். தயவுசெய்து அதைப் பார்த்து யாரும் குடித்துவிடாதீர்கள்.

புதுமுகம்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கொடியில் பச்சைத் தேன்சிட்டுகள் அலகால் ஒட்டிக்கொண்டு தொங்குவதுபோல ஒரு பூவின் படம் சுற்றுகிறதே, அதுவும் இந்தப் பேரினம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். உண்மையா, கணினியில் செய்ததா?

கொடியிலை:

உண்மைதான். குரோட்டலேரியா கன்னிங்ஹாமியை. ஆஸ்திரேலியாவின் வடக்கு, உள்நாட்டு மணல்மேடுகளில் வளரும் புதர். ஆலன் கன்னிங்ஹாம் என்ற தாவரச் சேகரிப்பாளரின் பெயரால் அழைக்கப்படுகிறது. பூக்காம்பில் ஒட்டியிருக்கும் பக்கம் பறவையின் அலகு மாதிரியும், புல்லிவட்டம் தலை மாதிரியும், இதழ்கள் உடலும் சிறகும் மாதிரியும் தெரியும். பறவையை ஈர்க்கத்தான் பறவை வடிவம் வந்தது என்று படத்தோடு எழுதுகிறார்கள், அது பொருந்தாது. படத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ரீங்காரச்சிட்டு, அதாவது ஹம்மிங்பேர்டு. ஆஸ்திரேலியாவில் ரீங்காரச்சிட்டே கிடையாது. நமக்கு அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் உண்மையிலேயே பறவைக்காகப் பூப்பவையும் இந்தப் பேரினத்தில் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் குரோட்டலேரியா அகாட்டிஃப்ளோரா ஒன்று. பெரிய பச்சைமஞ்சள் பூ, உறுதியான பூங்கொத்துத் தண்டு. தேன்சிட்டுகள் தண்டில் உட்கார்ந்து தேன் குடிக்கும்.

விதைக்கூடை, உங்கள் பாத்தியில் பூ இருக்கும்போதே ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இந்தச் செடிகளைப் பிடுங்குவதற்குமுன் ஒருமுறையாவது செய்ய வேண்டிய வேலை இது. மேலே நிமிர்ந்து நிற்பது கொடியல்லி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறகல்லி. உள்ளே இரண்டு இதழ் ஒட்டிப் படகுபோல் இருப்பது படகல்லி. பல பயறுவகைப் பூக்களில் படகு மழுங்கி முடியும். இதில் கிளி மூக்கு மாதிரி கூர்மையாக நீண்டு, கொஞ்சம் முறுக்கியும் இருக்கும். இரண்டு சிறகல்லியையும் விரலால் மெல்லக் கீழே அழுத்துங்கள். அந்த மூக்கு நுனியிலிருந்து மகரந்தம் பசைக்குழாயைப் பிதுக்கியதுபோல ஒரு மஞ்சள் இழையாக வெளியே வரும்.

படகைக் கிழித்தால் காரணம் தெரியும். பத்து மகரந்தத்தாள்கள், அடியில் ஒரே உறையாகச் சேர்ந்திருக்கும். அதில் ஐந்து மகரந்தப்பை நீளம், ஐந்து குட்டை, மாறிமாறி. நீளமானவை மொட்டிலேயே வெடித்து மூக்குக்குள் மகரந்தத்தை நிரப்பிவிடும். சூல்தண்டு முழங்கால் மாதிரி மடங்கி நிற்கும், மேல்பாதியில் மயிர் இருக்கும். தேனீ உட்கார்ந்து அழுத்தும்போது அந்த மயிர்த்தண்டு தூரிகைபோல மகரந்தத்தை நுனி வழியாக வெளியே தள்ளும். பெரிய உடம்பும் கனமும் இருந்தால்தான் இந்தப் படகு இறங்கும். அதனால்தான் தச்சுத்தேனீ, நாம் கருவண்டு என்று சொல்கிறோமே, அதுதான் இதற்கு முக்கிய விருந்தாளி. சிறு தேனீ வந்தால் அழுத்த முடியாமல் திரும்பிவிடும்.

சணப்பில் தேனீ வராவிட்டால் விதையே சரியாகப் பிடிக்காது. தன் மகரந்தம் தனக்கு அநேகமாகச் செல்லாது. சூல்முடியில் ஏதாவது உரச வேண்டும், வேறு செடியின் மகரந்தம் வர வேண்டும். விதைக்காகச் சணப்பு வளர்ப்பவர்கள் பூக்கும் நேரத்தில் மருந்தடித்துவிட்டு "பூ நிறைய, காய் இல்லை" என்று வருத்தப்படுவது இதனால்தான்.

மண்வாசம்:

இது எனக்கே நடந்திருக்கிறது. ஒரு பருவம் முழுக்கப் பூ, கையளவு விதை. காரணம் இன்றுதான் புரிகிறது. நன்றி தம்பி.

பசுந்தாள் பக்கம் நான் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சணப்பைப் பூ தொடங்கும்போதே மடக்கிவிட வேண்டும். விட்டால் தண்டு நாராகிவிடும், மண்ணில் மக்க வெகுநாளாகும். நாருக்காகவே வளர்க்கும் பயிர்தானே அது. பருவமும் ஈரமும் ஒத்துவந்தால் 60 முதல் 90 நாளில் எக்டருக்கு 100 கிலோவுக்கு மேல் தழைச்சத்து சேர்க்கும். ஒரு செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சுகள் இருக்கும். நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை. தட்டைப்பயறுக்குப் போடும் ரைசோபிய நுண்ணுயிர்க் கலவை இதற்கும் சேரும்.

வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கட்டுப்படுத்தவும் நல்லது. வேர்முடிச்சு நூற்புழு அடித்த நிலத்தில் ஒரு பருவம் சணப்பு போட்டபின் காய்கறி நட்டால் வித்தியாசம் தெரிகிறது.

கொடியிலை:

ஐயா, நூற்புழுவில் ஒரு திருத்தம் மட்டும். வேர்முடிச்சு நூற்புழுவுக்கு நீங்கள் சொல்வது அப்படியே சரி. அதில் சணப்பைவிட ஸ்பெக்டாபிலிஸ் இன்னும் வலுவானது. குட்டிப்புழு வேருக்குள் நுழையும், ஆனால் வளர்ந்து முட்டையிடும் நிலைக்கு வராமல் உள்ளேயே முடிந்துபோகும். பொறிப்பயிர் என்பார்கள். இந்தக் குணத்துக்காகவும் தழைக்காகவும்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுக்கு இதைக் கொண்டுபோனார்கள். கோழியும் பன்றியும் மாடும் செத்தபிறகுதான் நஞ்சு தெரிந்தது. அதற்குள் அது சாலையோரங்களுக்கும் சோயா வயல்களுக்கும் பரவிவிட்டது. இன்றும் அங்கே களை.

ஆனால் நூற்புழு என்பது ஒரே வகைப் புழு இல்லை. வேரை அரித்துப் புண்ணாக்கும் வகை நூற்புழுக்கள் இந்தப் பேரினத்தின் சில செடிகளில் பெருகவும் செய்யும். அதனால் எந்த நூற்புழு என்று மண் சோதனையில் தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

முடிச்சு என்றதும் ஒரு செய்தி சொல்ல வேண்டும், நூற்புழு முடிச்சு இல்லை, ஐயா சொன்ன நுண்ணுயிர் முடிச்சு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. 2015-இல் ஸ்பெக்டாபிலிஸில் செய்த ஓர் ஆய்வு. வேர் முடிச்சு இல்லாமல் வளர்த்த செடியில் அந்த ஆல்கலாய்டே உருவாகவில்லை! நுண்ணுயிர் வேருக்குள் வந்து முடிச்சு உண்டானபிறகுதான் செடி நஞ்சைச் செய்யத் தொடங்குகிறது. நஞ்சுக்கான முதல் நொதியை உண்டாக்கும் மரபணு முடிச்சில்தான் வேலை செய்கிறது. ஆல்கலாய்டு செய்வது செடிதான், நுண்ணுயிர் இல்லை. ஆனால் நுண்ணுயிர் வராமல் செடி தொடங்குவதில்லை. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் அதே முடிச்சில், அந்த நைட்ரஜனிலேயே ஒரு பங்கை எடுத்துத் தனக்குக் காவல் செய்துகொள்கிறது செடி. உரமும் விஷமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. "நல்ல செடியா, கெட்ட செடியா" என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அந்த நுண்ணுயிரே எல்லாவற்றிலும் ஒன்று இல்லை. செனகலில் சில குரோட்டலேரியாக்களின் முடிச்சில் மெத்திலோபாக்டீரியம் என்ற, அதுவரை முடிச்சு போடும் என்று யாரும் நினைக்காத ஒரு பேரினம் இருந்ததை 2001-இல் கண்டுபிடித்தார்கள்.

நீலவரியன்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். விஷம் விஷம் என்று எல்லோரும் சொல்லும்போது, அந்த விஷத்தைத் தேடியே வருபவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே!

வண்ணத்துப்பூச்சி பார்ப்பவர்களுக்குக் கிலுகிலுப்பை மாதிரி ஒரு செடி இல்லை. பூவுக்காக அல்ல. காய்ந்த, ஒடிந்த, வாடிய செடிக்காக. போன மழைக்குப்பின் ரெட்டூசாவின் ஒரு கிளையை ஒடித்து வெயிலில் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் முதல் நீல வரியன் வந்தது. அப்புறம் வெந்தய வரியன், வெண்புள்ளிக் கருப்பன். ஒரு மணி நேரத்தில் அந்த ஒரே கிளையில் இருபதுக்கு மேல். விரலை நீட்டினாலும் பறக்கவில்லை. ஒன்று கால் நகத்தால் இலைத்தோலைக் கீறுவதைக் கண் எதிரே பார்த்தேன். கீறிய இடத்தில் உறிஞ்சுகுழாயிலிருந்து ஒரு துளி நீரை விட்டு, கரைந்ததைத் திரும்ப உறிஞ்சுகிறது. அதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. கிட்டத்தட்ட எல்லாமே ஆண்கள்.

அவை பசிக்காக வரவில்லை. ஆல்கலாய்டுக்காகவே வருகின்றன. பறவைக்கும் சிலந்திக்கும் கசக்கும்படி உடம்பில் சேர்த்துக்கொள்ளும். கூடவே அதிலிருந்து டனைடோன் என்ற வாசனைப்பொருளைச் செய்து, பின்பகுதியில் இருக்கும் மயிர்த்தூரிகையில் ஏற்றி, பெண்ணைச் சுற்றிப் பறக்கும்போது தூவும். இந்தச் செடி கிடைக்காத ஆணுக்கு அந்த மணம் இல்லை. உணவுக்காக இல்லாமல் மருந்துக்காகச் செடியைத் தேடுவதை ஃபார்மகோஃபேஜி என்பார்கள். மைக்கேல் போப்ரே என்ற ஆய்வாளர் 1984-இல் அந்தச் சொல்லுக்குப் புது வரையறை கொடுத்தார்.

யூட்டதைசா என்ற அந்துப்பூச்சியின் கதை இதைவிட அழகு. அதன் புழு குரோட்டலேரியாவின் விதையைத் தின்றே வளர்கிறது. அமெரிக்காவில் தாமஸ் ஐஸ்னரும் ஜெரால்டு மைன்வால்டும் பல வருடம் இதை ஆராய்ந்தார்கள். ஆண் அந்து இணைசேரும்போது விந்தோடு ஆல்கலாய்டையும் பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் தன்னிடம் இருப்பதையும் சேர்த்து முட்டைகளுக்குப் பங்கிடுகிறது. எறும்பும் வண்டும் அந்த முட்டையைத் தொடாது. வலையில் இந்த அந்து மாட்டினால் பெரிய வலைச்சிலந்தி கிட்ட வந்து தொட்டுப் பார்க்கும். பிறகு சுற்றியுள்ள இழைகளைத் தானே ஒவ்வொன்றாக அறுத்துவிடும். அந்து கீழே விழுந்து பறந்துபோய்விடும்.

விதைக்கூடை, பூமொட்டுகளையும் பாருங்கள். சின்ன ஓட்டை இருந்தால் பட்டாணி நீலன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு உள்ளே இருக்கலாம். அது மொட்டைக் குடைந்து தின்னும்.

புதுமுகம்:

அப்படியானால் விதையைத் தின்னும் புழுவைச் செடி எப்படித் தடுக்கிறது? அதன் நஞ்சே புழுவுக்குச் சாப்பாடு ஆகிவிட்டதே.

கொடியிலை:

நல்ல கேள்வி. மூன்று இலைக் கிலுகிலுப்பை ஒன்று உண்டு, குரோட்டலேரியா பாலிடா. அதன் பூக்காம்பின் அடியில், பூவுக்கு வெளியே, தேன்சுரப்பிகள் இருக்கின்றன. எறும்பும் குளவியும் அந்தத் தேனுக்காகக் காயைச் சுற்றிக்கொண்டே இருக்கும். புழு காய்க்குள் நுழைவதற்குமுன் கண்ணில் பட்டால் தூக்கிக்கொண்டு போய்விடும். நஞ்சுக்குப் பழகிய எதிரிக்குக் கூலிக்காவல்.

மண்வாசம்:

கொழிஞ்சியும் அவுரியும் இந்தக் கூட்டம்தானா? அவற்றையும் நாங்கள் தழைக்குப் போடுகிறோம்.

கொடியிலை:

குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. கொழிஞ்சி டெஃப்ரோசியா, அவுரி இண்டிகோஃபெரா. இரண்டிலும் சிறகுபோலப் பல சிற்றிலை, காய் தட்டையாகவோ மெலிந்தோ இருக்கும், உப்பாது. காய் ஊதிப்பெருத்து உள்ளே விதை உருண்டால் அது இந்தப் பக்கம். குரோட்டலான் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தாளம்போடும் கருவி என்று பொருள். அதிலிருந்துதான் 1753-இல் லின்னேயஸ் பதிந்த பேரினப் பெயர். நம் பெயரும் அதே சத்தத்தைக் கேட்டு வைத்ததுதான். காய் முற்றும்போது விதையைப் பிடித்திருக்கும் சிறுகாம்பு காய்ந்து அறுந்துவிடும். விதை உள்ளே தனியாகிவிடும். காய் இன்னும் திறக்காமல் இருக்கும் அந்தச் சில நாட்களில்தான் கிலுகிலுப்பு. பிறகு இரண்டு ஓடும் முறுக்கிப் பிளந்து விதை சிதறும்.

விதைக்கூடை, உங்களுக்கு முக்கியமான நாள் அதுதான். சத்தம் கேட்கத் தொடங்குவதற்குமுன் அந்தக் குட்டைச் செடிகளை எடுத்துவிட வேண்டும். விதையின் மேலோடு கடினமானது. மண்ணில் விழுந்தால் பல வருடம் முளைக்காமல் காத்திருக்கும்.

விதைக்கூடை:

செய்கிறேன். ஆனால் எடுத்ததை என்ன செய்வது? அதே மண்ணில் மடக்கலாமா?

பால்மணம்:

உங்கள் நிலத்தில் கால்நடை மேயாது என்றால், காய் பிடிக்காத செடியை அங்கேயே நறுக்கி மண்ணுக்குள் புதைத்துவிடலாம். மேய்ச்சல் உண்டு என்றால் வேண்டாம். எதற்கும் வைக்கோல் போரிலோ தீவனக்குவியலிலோ ஒரு தண்டுகூடப் போய்ச் சேரக்கூடாது. காய் பிடித்தவற்றைத் தனியாகப் பையில் போட்டுக் கட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

நீலவரியன்:

ஒரே ஒரு வேண்டுகோள். பிடுங்கியவற்றில் பூவும் காயும் இல்லாத நான்கைந்து கிளையை மட்டும் கால்நடை எட்டாத வேலிக்கு உட்புறம், வெயில் படும் இடத்தில் இரண்டு நாள் தொங்கவிட முடியுமா?

விதைக்கூடை:

நான்கு நாள் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது. மொத்தம் அறுபத்திமூன்று ஸ்பெக்டாபிலிஸ் செடிகள். பதினொன்றில் காய் இருந்தது, ஒன்றுகூட இன்னும் காயவில்லை. அவை பையில். மீதியை நறுக்கிப் புதைத்துவிட்டேன், இங்கே மேய்ச்சல் கிடையாது. சணப்பை நாளை மடக்குகிறேன். மிச்ச விதையைத் தாளில் கொட்டிப் பிரித்தேன். கொடியிலை சொன்னதுபோல் பளபளப்பான சின்ன விதை தனியாகத் தெரிந்தது. ஒரு கைப்பிடிக்கு எட்டு பத்து இருந்தது. விதை கொடுத்தவரிடமும் இரண்டு வகையையும் கொண்டுபோய்க் காட்டினேன். அமைதியாகப் பார்த்தார், தன்னிடம் இருக்கும் மீதிப் பையையும் சலித்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

பிடுங்குவதற்குமுன் ஒரு பூவை அழுத்திப் பார்த்தேன். மஞ்சள் இழை வந்தது.

வேலிக்குள் ஐந்து கிளை தொங்கவிட்டிருந்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. நேற்றுக் காலை பத்து மணிக்குப் போனால் கிளையே தெரியவில்லை, எல்லாம் இறக்கை. படம் எடுத்திருக்கிறேன். அதில் நெஞ்சில் வெள்ளைப் புள்ளியும் இறக்கையில் வெளிர்நீலக் கோடும் இருப்பது உங்கள் பெயரிலேயே இருக்கும் நீல வரியன்தானே? பக்கத்தில் கொஞ்சம் கருத்து, கோடு மெலிந்து இருப்பது எது?

நீலவரியன்:

முதலாவது நீல வரியனேதான். இரண்டாவது கருநீல வரியன் மாதிரி இருக்கிறது. இறக்கை விரித்த படம் இருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.